பெட்டியின் அகலம் யார் கையில்?

பள்ளிக் கணக்கில் சுலபமாக ஐந்து மதிப்பெண் வாங்கித் தரும் கேள்விகளில் நிகழ்வுச் செவ்வகம், அதாவது ஹிஸ்டோகிராம், வரைவதும் ஒன்று. பிரிவு இடைவெளிகள் வினாத்தாளிலேயே அச்சாகியிருக்கும்: 0–10, 10–20, 20–30. எதிரே நிகழ்வெண் இருக்கும். அளவுத்திட்டத்தை மூலையில் எழுதி, செவ்வகங்களை ஒட்டினாற்போல் நிறுத்தி, பென்சிலால் நிழல் அடித்துவிட்டால் வேலை முடிந்தது. பட்டை வரைபடத்தில் இடைவெளி விட வேண்டும், இதில் விடக்கூடாது என்ற ஒரு வித்தியாசம் ஞாபகம் இருந்தால் போதும். பிறகு அலுவலகத்தில் எக்செல் வந்து அந்த நிழல் அடிக்கும் வேலையையும் எடுத்துக்கொள்கிறது. ஆனால் இந்தப் படத்தில் மூளைக்கு வேலை இருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்: இடைவெளி எங்கே தொடங்க வேண்டும், எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது. பள்ளியில் அதை வினாத்தாள் தயாரித்தவர் செய்துவிடுகிறார், அலுவலகத்தில் மென்பொருள் செய்துவிடுகிறது. நாம் கடைசிவரை செய்வதே இல்லை.

அதனால்தான் ஹிஸ்டோகிராம் என்றால் தரவின் புகைப்படம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. என் கட்சி வேறு. ஹிஸ்டோகிராம் என்பது வரைந்தவரின் கருத்து. நல்ல கருத்தாகவும் இருக்கலாம், மோசமான கருத்தாகவும் இருக்கலாம். அதைச் சரிபார்க்க நம்மிடம் இருக்கும் மலிவான கருவி, பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தோடு முடித்துக்கொள்ளப்படும் தண்டு-இலை வரைபடம். முதலில் தண்டும் இலையும், அதன் பிறகே செவ்வகம் என்பதுதான் சரியான வரிசை. இதைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரு தரவை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம்.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்றொரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பீறிட்டு எழும், சில நிமிடங்கள் பொங்கும், அடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம் பொங்கியது, அடுத்த பொங்கலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது என்று 272 முறை பதிவு செய்த பட்டியல் ஒன்று புள்ளியியல் படிப்பவர்களிடையே மிகப் பிரபலம். ஆர் என்ற இலவச மென்பொருளை நிறுவினாலே இந்தப் பட்டியலும் கூடவே வந்துவிடும். பொங்கிய நேரம் மிகக் குறைந்தது 1.6 நிமிடம், மிக அதிகம் 5.1 நிமிடம். சராசரி ஏறத்தாழ 3.49.

இதற்கு ஹிஸ்டோகிராம் வரையச் சொன்னால் பத்துப் பேரில் ஒன்பது பேர் எடுக்கும் பிரிவு 1–2, 2–3, 3–4, 4–5, 5–6 என்பதாகத்தான் இருக்கும். முழு எண்ணில் தொடங்கி முழு எண்ணில் முடிகிறது, படிப்பவருக்கும் வசதி. அப்படிப் பிரித்தால் கிடைக்கும் நிகழ்வெண்கள்: 51, 46, 37, 134, 4. படத்தைப் பார்ப்பவர் என்ன சொல்வார்? நான்கு நிமிடத்துக்கு மேல் ஒரு பெரிய குன்று, அதற்கு இடப்புறம் மெதுவாகச் சரியும் ஒரு மேடு. அவ்வளவுதான். இப்போது அகலத்தை மாற்றாமல், அதே ஒரு நிமிட அகலத்தில், தொடக்கத்தை மட்டும் அரை நிமிடம் நகர்த்துங்கள். 1.5–2.5, 2.5–3.5, 3.5–4.5, 4.5–5.5. நிகழ்வெண்கள் 92, 12, 103, 65. இடது பக்கம் ஒரு கூட்டம், வலது பக்கம் ஒரு கூட்டம், நடுவில் கிட்டத்தட்டப் பாலைவனம். எண்கள் அதே 272, அகலமும் அதேதான். ஆனால் ஊற்று ஒரே விதமாகப் பொங்குகிறது என்று முதல் படமும், இரண்டு விதமாகப் பொங்குகிறது என்று இரண்டாவது படமும் சாட்சி சொல்கின்றன.

அரை நிமிட அகலத்துக்குப் போனால் எந்தச் சாட்சி உண்மை பேசுகிறது என்று தெரிந்துவிடும். 1.5-லிருந்து வரிசையாக 51, 41, 5, 7, 30, 73, 61, 4. இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே உண்மையிலேயே பள்ளம்தான். முதல் படத்தில் 3 என்ற எல்லைக்கோடு அந்தப் பள்ளத்தின் நடுவே விழுந்தது. பள்ளத்தின் இடப் பாதி 2–2.5 கூட்டத்தோடும் வலப் பாதி 3.5–4 கூட்டத்தோடும் சேர்ந்து கரைந்து போயின. இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் பெருமையாகக் கணக்கிட்ட 3.49 என்ற சராசரி இந்தப் பள்ளத்துக்குள்தான் விழுகிறது. 3-க்கும் 3.5-க்கும் இடையே நின்ற பொங்கல்கள் 272-இல் வெறும் 7. சராசரி நேரம் பொங்கும் பழக்கமே அந்த ஊற்றுக்குக் கிட்டத்தட்ட இல்லை! இது வெறும் கணக்கு விளையாட்டு என்று ஒதுக்கவும் முடியாது. மூன்று நிமிடத்துக்குக் குறைவாகப் பொங்கி அடங்கினால் அடுத்ததற்குச் சராசரியாக 55 நிமிடம் காத்திருக்க வேண்டும், மூன்று நிமிடத்தைத் தாண்டினால் 80 நிமிடம். மொத்தச் சராசரியான 71 நிமிடத்தைப் பலகையில் எழுதி வைத்தால் முதல் வகைக்கு அடுத்த பொங்கலைத் தவறவிடுவீர்கள், இரண்டாம் வகைக்கு வெயிலில் காய்வீர்கள். பூங்காக்காரர்கள் முந்தைய பொங்கலின் நேரத்தைப் பார்த்து அடுத்ததைக் கணித்துச் சொல்வது இந்த இரட்டைக் கூட்டம் கண்ணில் பட்டதால்தான் சாத்தியமாகிறது.

இப்போது அதே எண்களின் தண்டு-இலை வரைபடத்தில் பள்ளம் இருக்கும் பகுதியை மட்டும் பாருங்கள். ஆர் மென்பொருள் தருவது இது:

24 | 00228
26 | 23
28 | 080
30 | 7
32 | 2337
34 | 250077

கோட்டுக்கு இடப்புறம் தண்டு, வலப்புறம் இலைகள். இலை ஒவ்வொன்றும் ஒரு பொங்கல். இடம் மிச்சம் பிடிக்க ஒவ்வொரு வரியிலும் இரண்டு தண்டுகளைச் சேர்த்திருக்கிறார்கள். 28 என்ற வரியில் 2.8-ம் இருக்கிறது, 2.9-ம் இருக்கிறது. இலைகள் ஏறுவரிசையில் வரும். திடீரென்று இறங்கினால் அடுத்த தண்டு தொடங்கிவிட்டது என்று பொருள். ஆகவே 28-க்கு எதிரே உள்ள 0, 8, 0 என்பதை 2.80, 2.88, 2.90 என்று வாசிக்க வேண்டும். 34-க்கு எதிரே உள்ளவை 3.42, 3.45, பிறகு இரண்டு 3.50, இரண்டு 3.57. தலையைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் இதுவே ஹிஸ்டோகிராம்தான். வரியின் நீளமே செவ்வகத்தின் உயரம். மேலே 18 என்ற வரியில் 39 இலைகள், கீழே 44 என்ற வரியில் 35 இலைகள், நடுவே 30 என்ற வரியில் ஒற்றை இலை. பள்ளத்தை மறைக்க வழியே இல்லை.

ஆனால் இந்தப் படம் தருகிற பெரிய பரிசு பள்ளம் கூட இல்லை. மேலே உள்ள ஆறு வரிகளில் இருக்கும் இலைகளை இன்னொரு முறை பாருங்கள். 0 இருக்கிறது, 2, 3, 5, 7, 8 இருக்கின்றன. 1 இல்லை, 4 இல்லை, 6 இல்லை, 9-ம் இல்லை. மொத்தப் படத்தையும் எடுத்துத் தேடினாலும் 272 இலைகளில் இந்த நான்கு இலக்கங்கள் ஒருமுறை கூட வராது. வெந்நீர் ஊற்றுக்கு 1, 4, 6, 9 மேல் ஏதும் விரோதமா? விஷயம் கடிகாரத்தில் இருக்கிறது. நேரத்தைப் பதிந்தவர்கள் முழு நொடிகளில் பதிந்தார்கள். பிறகு யாரோ 60-ஆல் வகுத்து நிமிடமாக்கியிருக்கிறார்கள். ஆறு நொடி சேர்ந்தால் 0.1 நிமிடம். அதற்குள் ஒவ்வொரு நொடியும் 0.00, 0.02, 0.03, 0.05, 0.07, 0.08 என்று போய் விழும். வேறு இலக்கம் வர வாய்ப்பே இல்லை. இது மட்டும் இல்லை. ஐந்தின் மடங்கான நொடிகள் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக வருகின்றன என்று ஆர் மென்பொருளின் உதவிக்குறிப்பே சொல்கிறது. இயந்திரம் அளந்திருந்தால் அப்படி வந்திருக்காது. மனிதர் அளந்ததன் தடயம் அது. இதே ஊற்றைப் பற்றி 1985 ஆகஸ்ட் மாதத்தில் எடுத்த, 299 பதிவுகள் கொண்ட இன்னொரு தொகுப்பில், இரவு நேரத்துப் பொங்கல்கள் சிலவற்றைக் குறுகியது, நடுத்தரம், நீண்டது என்று மட்டும் குறித்து வைத்து, பின்னர் அவற்றை 2, 3, 4 நிமிடம் என்று எண்ணாக மாற்றியிருக்கிறார்கள். அதை அறியாமல் ஹிஸ்டோகிராம் போட்டால் நான்கு நிமிடத்தில் எழும் கோபுரத்துக்குப் பூமிக்கடியில் காரணம் தேடிக்கொண்டிருப்போம்.

இந்தத் தகவல்களில் எதையும் வழக்கமான எந்த ஹிஸ்டோகிராமும் தராது. எண்ணைப் பிரிவு இடைவெளி என்ற பெட்டிக்குள் போட்டு மூடிய கணமே அதன் கடைசி இலக்கம் தொலைந்துவிடுகிறது. தரவு எப்படிப் பிறந்தது, யார் கையால் வந்தது, எங்கே உருட்டப்பட்டது என்ற வரலாறெல்லாம் அந்தக் கடைசி இலக்கத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வயதுப் பட்டியலும் இப்படித்தான். வயது கேட்டால் முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என்று சொல்லும் பழக்கத்தால் 0, 5 என்று முடியும் வயதுகளில் ஆட்கள் குவிந்துவிடுகிறார்கள். இதை அளப்பதற்கென்றே விப்பிள் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. குவிப்பே இல்லையென்றால் 100, எல்லோரும் 0 அல்லது 5-இல் முடியும் வயதையே சொன்னால் 500. ஆனால் 30–34, 35–39 என்று ஐந்தைந்தாகக் கட்டிய படத்தில் அந்தக் குவிப்பு தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முதல் வயதிலேயே ஒரு குவியல் உட்கார்ந்திருக்கும், வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் சீராகத் தெரியும்.

அகலத்தைச் சமமாக வைத்தாலே இவ்வளவு சிக்கல் என்றால், சமமில்லாத அகலம் தனிக் கதை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் நிலக்கைப்பற்றுகளில் 1 ஹெக்டேருக்குக் குறைந்தவை சுமார் 68.5 சதவீதம், 1–2 ஹெக்டேர் 17.6, 2–4 ஹெக்டேர் 9.6, 4–10 ஹெக்டேர் 3.8, பத்துக்கு மேல் 0.6 சதவீதம் கூட இல்லை. இந்த ஐந்து எண்களையும் ஒரே அகலச் செவ்வகங்களாக நிறுத்திவிட்டு அதை ஹிஸ்டோகிராம் என்று அழைப்பவர்கள் உண்டு. அப்படி வரைந்தால் 2–4 செவ்வகம் 4–10 செவ்வகத்தைப்போல் இரண்டரை மடங்கு உயரமாக நிற்கும். ஆனால் முதலாவது இரண்டு ஹெக்டேர் அகலத்தில் பரவியது, இரண்டாவது ஆறு ஹெக்டேரில். ஹெக்டேர் ஒன்றுக்கு என்று வகுத்தால் 4.8-க்கு எதிரே 0.63, வித்தியாசம் ஏழரை மடங்கு. ஹிஸ்டோகிராமில் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டியது பரப்பளவுதான், உயரம் கிடையாது. பாடப்புத்தகத்தில் இது ஒரு வரியாக இருக்கும், பயிற்சிக் கணக்கில் அகலம் பெரும்பாலும் சமமாகவே இருக்கும், ஆகவே யாருக்கும் நினைவில் நிற்காது. கடைசிப் பெட்டிக்கு வேறு முடிவே கிடையாது. 'பத்துக்கு மேல்' என்பதை எங்கே நிறுத்துவது என்பதை வரைபவர்தான் தீர்மானிக்க வேண்டும், அதை எங்காவது எழுதியும் வைக்க வேண்டும்.

இந்த இடத்தில் புள்ளியியல் படித்தவர்கள் குறுக்கிடுவார்கள். அகலத்தைத் தேர்வதற்குத்தான் விதிகள் இருக்கின்றனவே, ஏன் கருத்து, கட்சி என்றெல்லாம் பெரிய வார்த்தை? இருக்கின்றன. 1926-இல் ஸ்டர்ஜஸ் ஒன்று சொன்னார்: எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டி கூட்டிக்கொள். நம் 272-க்கு அது ஒன்பது பத்துப் பெட்டிகள் தரும், அகலம் 0.4 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 1981-இல் ஃப்ரீட்மனும் டயகோனிஸும் கொடுத்த விதியோ கிட்டத்தட்ட 0.7 நிமிடம் என்கிறது, அதாவது ஐந்தே பெட்டி. இரண்டும் மரியாதைக்குரிய விதிகள், இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டு மடங்கு இடைவெளி. போதாததற்கு ஸ்டர்ஜஸ் விதி, தரவு மணி வடிவத்தில் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு தொடங்குகிறது. தரவின் வடிவம் என்ன என்று கண்டுபிடிக்கத்தானே படமே வரைகிறோம்? விடையை முன்கூட்டியே ஊகித்துக்கொண்டு வரும் விதி தொடங்கி வைக்க உதவும், முடித்து வைக்க உதவாது. அதோடு அகலத்தைப் பற்றிப் பேசும் விதிகள் தொடக்கப்புள்ளியைப் பற்றி வாய் திறப்பதில்லை. நம் ஊற்றில் வினை செய்தது தொடக்கப்புள்ளிதான்.

தண்டு-இலையும் பெட்டி போடுவதுதானே என்பது இன்னும் கூர்மையான ஆட்சேபம். ஒப்புக்கொள்கிறேன். தண்டு என்பதே ஒரு பிரிவு இடைவெளி. சொல்லப்போனால் ஹிஸ்டோகிராமைவிட இதில் சுதந்திரம் குறைவு. தசம எண்முறையின் கட்டாயத்தால் அகலம் 1, 2, 5 அல்லது அவற்றைப் பத்துகளால் பெருக்கியோ வகுத்தோ கிடைப்பதாகத்தான் இருக்க முடியும், 0.7 என்று வைக்க வழியில்லை. தண்டைத் தவறாகத் தேர்ந்தால் இங்கேயும் பள்ளம் மறையும். நிமிடத்தின் முழு எண்ணைத் தண்டாக வைத்திருந்தால் அதே 51, 46, 37, 134, 4 தான் வரிசையாக நின்றிருக்கும். வித்தியாசம் எங்கே என்றால், அப்போதும் இலைகள் கண்முன்னே இருக்கும். 3 என்ற தண்டின் இலைகளில் முதல் பாதி ஏறத்தாழக் காலியாகவும் பின்பாதி நெரிசலாகவும் இருப்பதைப் பார்க்கிறவர், தண்டைப் பிளந்து மறுபடி வரைந்துகொள்ளலாம். ஹிஸ்டோகிராமை மட்டும் கையில் வைத்திருப்பவர் அப்படித் திரும்பிப் போக முடியாது. மூல எண்களைக் கேட்டு யாருக்காவது கடிதம் எழுத வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபம் நடைமுறை சார்ந்தது. புள்ளியியலாளர் ஜான் டூக்கி 1977-இல் தன் புத்தகத்தின் மூலம் இந்த வரைபடத்தைப் பரப்பியபோது காகிதமும் பென்சிலும்தான் கருவி. இன்று லட்சக்கணக்கில் எண்கள் வரும்போது இலைகளை எங்கே எழுதுவது என்பார்கள். ஜப்பானிய ரயில் நிலையங்களின் கால அட்டவணை இன்றும் மணியைத் தண்டாகவும் நிமிடங்களை இலைகளாகவும் வைத்துத்தான் அச்சாகிறது, ஆகவே வழக்கொழிந்தது என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. ஆனாலும் லட்சம் எண்களுக்கு இது பொருந்தாது என்பது உண்மைதான். அதற்காக ஒரேயடியாகக் கைவிட வேண்டியதில்லை. லட்சத்திலிருந்து இருநூறைக் குலுக்கி எடுத்து அவற்றுக்கு மட்டும் தண்டு-இலை போட்டுப் பார்ப்பது கணினியில் சில நொடி வேலை. கடைசி இலக்கங்களில் ஏதாவது கோணல் இருந்தால் இருநூறிலேயே பெரும்பாலும் பல்லிளித்துவிடும். பெட்டியே வேண்டாம், வழுவழுப்பான அடர்த்திக் கோடு போதும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தக் கோட்டை எவ்வளவு வழுவழுப்பாக்குவது என்பதும் யாரோ எடுத்த முடிவுதான்.

அப்படியானால் எந்தப் படத்தையும் நம்ப முடியாதா, எல்லாமே வரைபவர் இஷ்டமா? இது நியாயமான கேள்வி, விதண்டாவாதம் இல்லை. இஷ்டம் இல்லை என்பதுதான் என் பதில். அகலத்தைப் பாதியாக்கினாலும், தொடக்கத்தை நகர்த்தினாலும், இலைகளைப் பார்த்தாலும் மாறாமல் நிற்கும் அம்சம் தரவுக்குச் சொந்தமானது. ஒரு குறிப்பிட்ட பிரிப்பில் மட்டும் தோன்றி மறைவது பிரித்தவருக்குச் சொந்தமானது. ஊற்றின் பள்ளம் அரை நிமிட அகலத்தில் தெரிகிறது, 0.2 நிமிடத்தில் தெரிகிறது, ஒரு நிமிடத்திலும் 1.5-இல் தொடங்கினால் தெரிகிறது. ஆகவே அது ஊற்றின் பள்ளம். அகலத்தை 0.01 நிமிடமாகச் சுருக்கினால் படம் முழுக்கச் சீப்புப் பல் போல ஏராளமான இடைவெளிகள் முளைக்கும். அது ஒரு நொடிக்கும் குறைவான அகலம். பதிவோ முழு நொடிகளில். ஆகவே அந்த இடைவெளிகள் ஊற்றுக்குச் சொந்தமில்லை, கடிகாரத்துக்குச் சொந்தம்.

வாசிப்பதிலும் இதே நிதானம் தேவைப்படுகிறது. போலந்து நாட்டில் பள்ளி இறுதித் தேர்வின் போலிஷ் மொழித் தாளுக்கு 70 புள்ளிகள், தேர்ச்சிக்கு 21 இருந்த ஆண்டுகளின் மதிப்பெண் பரவலைத் தேர்வு ஆணையமே வெளியிட்டிருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு செவ்வகம். இடமிருந்து சீராக ஏறி வரும் படம் 21-ஐ நெருங்கும்போது சட்டென்று குழி விழுகிறது, 21-இல் ஒரு கம்பம் போல எழுகிறது, பிறகு பழைய சீரான வளைவைத் தொடர்கிறது. 19, 20 வாங்கியிருக்க வேண்டிய பிள்ளைகள் 21-க்கு ஏற்றப்பட்டிருக்கிறார்கள் என்று எவரும் ஊகிப்பார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் படம் சொல்வது எல்லைக்கோட்டில் ஏதோ நடக்கிறது என்பதை மட்டும்தான். திருத்தியவரின் இரக்கமா, மறுபார்வைக்கு அனுப்பும் நடைமுறையா, ஒரே விடைத்தாள் எத்தனை முறை பார்க்கப்பட்டது என்பதையெல்லாம் படத்திடம் கேட்க முடியாது. பத்துப் புள்ளிக்கு ஒரு பெட்டி என்று வரைந்திருந்தாலோ, கேட்பதற்கு ஒரு கேள்வியே எழுந்திருக்காது. ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாக வெளியிட்ட அந்த ஆணையத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை இந்தப் பாடம் எடுக்கும்போது பிரிவு இடைவெளியைக் கரும்பலகையில் எழுதாதீர்கள். ஐம்பது எண்களைக் கொடுங்கள், முதலில் தண்டு-இலை போடச் சொல்லுங்கள், அதைப் பார்த்து அகலத்தையும் தொடக்கத்தையும் பிள்ளைகளே தேர்ந்து, ஏன் அப்படித் தேர்ந்தார்கள் என்று இரண்டு வரி எழுதட்டும். மதிப்பெண்ணை அந்த இரண்டு வரிக்குக் கொடுங்கள். மற்றவர்களுக்கு: செய்தித்தாளிலோ அலுவலக அறிக்கையிலோ ஒரு ஹிஸ்டோகிராம் வந்தால், இதே எண்களுக்கு அகலத்தை மாற்றி இன்னொரு படம் இருக்கிறதா என்று அதைத் தந்தவரிடம் கேளுங்கள். வரைந்தவர் நேர்மையானவர் என்றால் ஏற்கெனவே போட்டுப் பார்த்திருப்பார்.